பிஎச் மீற்றர் சொன்ன பொய்கள்: உப்புத்தண்ணீர்த் தொட்டியோடு மூன்று வருடம்

காலை ஆறு மணிக்கு மீற்றரை விட்டால் 7.6. மத்தியானம் விட்டால் 7.6. தண்ணீர் அமிலமா காரமா என்று சொல்லும் இலக்கம்தான் பிஎச். கடல்நீருக்கு 8.1 அளவில் இருக்கவேண்டிய அது, என்னுடைய தொட்டியில் ஒரு கிழமையாக 7.6-ஐ விட்டு அசையவில்லை. மீன்களோ வழமைபோலத் தீனிக்கு அடிபட்டுக்கொண்டு நின்றன. மனைவி ஒரே வரியில் தீர்ப்புச் சொன்னாள்: "மீன் நல்லாத்தானே ஓடித் திரியுது. உங்கட மெசினைத்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேணும்."

அதைக் கேட்டிருந்தால் எனக்கு ஒரு பம்பும் மூன்று மாத நிம்மதியும் மிஞ்சியிருக்கும்.

முதலில் தொட்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கொக்குவிலில் எங்கள் வீட்டு ஹோலில் 150 லீற்றர்க் கண்ணாடித் தொட்டி. கீழே வடிகட்டிக்கு இன்னொரு சின்னத் தொட்டி. இரண்டு நீமோ, நாலு டாம்சல் மீன், கொஞ்சம் துறவி நண்டு. உயிர்ப் பவளம் இல்லை. எங்கள் கடலில் அதை எடுப்பது சட்டப்படி குற்றம், எனக்கு அதில் ஆசையும் இல்லை. தண்ணீர் காங்கேசன்துறைப் பக்கம் கான்களில் அள்ளிவருவது. கீரிமலைப் பக்கம் அள்ளுவதில்லை, அங்கே நிலத்தடி நன்னீர் கடலோடு கலக்கிறது. யாழ்ப்பாணக் கடனீரேரித் தண்ணீரும் வேண்டாம். மாரியில் உப்புக் குறைந்துவிடும், கோடையில் ஏறிவிடும். உப்புமானியில் 1.025 காட்டுகிற தண்ணீர்தான் எனக்குத் தேவை.

மீற்றர் பேனா மாதிரியானது, பின்னால் ஒரேயொரு திருகாணி. பெயர் சொல்லப்போவதில்லை, ஏனென்றால் பிழையில் பாதிக்கு மேல் என்னுடையது.

7.6 கண்டதும் நான் செய்தது, சந்தேகம் தீர்க்க ஒரு நிறச்சோதனைப் பெட்டி வாங்கியது. சின்னக் குழாயில் தண்ணீர் எடுத்து, துளி விட்டு, நிறத்தை அட்டையோடு ஒப்பிடுகிற வகை. அட்டையின் கடைசி நீலம் வந்தது. அதன் கீழே எழுதியிருந்தது 7.6. போச்சு, இரண்டு சாட்சியும் ஒன்றையே சொல்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தப் பெட்டி நன்னீருக்கானது என்பது பிறகுதான் உறைத்தது. அதிலுள்ள சாயம் 6.0-இலிருந்து 7.6 வரைதான் நிறம் மாறும். அதற்கு மேலே 8 ஆனாலும் 9 ஆனாலும் அதே நீலம்தான். கடல்நீரை அதில் விட்டால் எப்போதுமே 7.6. கடல்நீருக்கு 7.4-இலிருந்து 8.8 வரை காட்டுகிற மேல்வீச்சுப் பெட்டி வேறாக இருக்கிறது. அதை வாங்கினாலும் தொட்டியின் நீல விளக்குக்குக் கீழே நின்று நிறம் பார்க்கவேண்டாம். முற்றத்து வெளிச்சத்துக்குக் கொண்டுவாருங்கள். நீல விளக்கில் எனக்கு ஊதாவும் பழுப்பும் ஒன்றாகத்தான் தெரிந்தன.

சரி, இரண்டு சாட்சியையும் நம்பி அப்பச்சோடா போட்டேன். ஒரு தேக்கரண்டி கரைத்து விட்டேன், அசையவில்லை. அடுத்தநாள் இன்னொன்று. ஐந்தாறு நாள் இப்படியே. அப்பச்சோடா காரத்தன்மையை, அதாவது தண்ணீர் அமிலத்தைத் தாங்கும் கொள்ளளவைத்தான் ஏற்றும், பிஎச்சை உடனே தூக்காது என்பது அப்போது தெரியாது. ஏற்கெனவே 8.1-இல் நிற்கிற கடல்நீரை அது பெரிதாக அசைக்கவே அசைக்காது. மீற்றர் சரியாக இருந்திருந்தாலும் அந்த மருந்துக்கு இலக்கம் ஏறியிராது. ஒரு கிழமையில் பம்பின் சுழலியில் வெள்ளைப் படை. கல்சியமும் கார்பனேற்றும் சேர்ந்து சுண்ணாம்பாகப் படிந்து, பம்பு இறுகி நின்றுவிட்டது. அந்தக் காரத்தன்மையை அளக்கும் கேஎச் சோதனைப் பெட்டியில் துளியை எண்ணிப் பார்த்தேன்: பதினாறு. கடலில் ஏறத்தாழ ஏழுதான். என் மீன்களுக்கு வராத வருத்தத்துக்கு நான் கொடுத்த மருந்து அவ்வளவு.

அதற்குப் பிறகுதான் மீற்றரைச் சோதிக்கவேண்டும் என்ற புத்தி வந்தது. ஒரு நண்பர் பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் வேலைசெய்கிறார். அவர் கேட்ட முதல் கேள்வி: "பாவிக்காத நேரம் எதுக்குள்ள வைக்கிறனீங்கள்?" நான் பெருமையாகச் சொன்னேன், "சுத்தமான காய்ச்சி வடித்த தண்ணியிலதான், அண்ணை." மனிசன் தலையில் கையை வைத்தார்.

மீற்றரின் நுனியில் இருக்கும் கண்ணாடிக் குமிழுக்குப் பக்கத்தில் ஒரு உப்புக்கரைசல் இருக்கிறது. காய்ச்சி வடித்த தண்ணீரில் ஊறவிட்டால் அந்த உப்பு மெல்ல மெல்லக் கசிந்து போய்விடும். காயவிட்டாலும் கெடுதி. பொட்டாசியம் குளோரைட் கரைசலில்தான் வைக்கவேண்டும், ஒரு லீற்றருக்கு 224 கிராம் கணக்கு. அது கைவசம் இல்லாவிட்டால் 4.01 அளவைக் கரைசலில் (மீற்றரைச் சரிபார்ப்பதற்கான, பிஎச் இன்னதென்று தெரிந்த கரைசல்) நனைத்துவைத்தாலும் கொஞ்சக்காலம் சமாளிக்கலாம். பக்கத்து வளவுச் சித்தப்பா, "பொட்டாஷ் உரமும் அதுதானே, ஒரு கை அள்ளிப் போடன்" என்றார். உரத்தில் இருக்கும் சிவப்பு மண்ணை நினைத்து அந்த யோசனையை மரியாதையாகத் தவிர்த்துவிட்டேன்.

நண்பர் காட்டிய சோதனை எளிது, இன்றைக்கும் மாதம் ஒருமுறை செய்கிறேன். 6.86 கரைசலில் திருகாணியால் சரிசெய்துவிட்டு, 9.18 கரைசலில் விட்டுப் பார்க்கவேண்டும். இரண்டுக்கும் இடையே 2.32 வித்தியாசம் வரவேண்டும். என்னுடையது 9.18 கரைசலில் காட்டியது 8.3. அதாவது ஏறவேண்டிய தூரத்தில் அறுபது வீதம்தான் ஏறுகிறது. 6.86-இலிருந்து கடல்நீரின் 8.1-க்கு ஏறவேண்டிய தூரத்திலும் அதே அறுபது வீதம் என்று கணக்குப் போட்டால், அப்படியே 7.6 வந்து நிற்கிறது! ஒரேயொரு புள்ளியில் சரிசெய்துவிட்டு "அளவு பார்த்தாச்சு" என்று இருந்தது என் மடைமை. ஒரு திருகாணி மட்டும் உள்ள மீற்றர் என்றால் கடல்நீருக்கு 9.18-இல் சரிசெய்வதே மேல். 8.1-க்கு அதுதான் கிட்ட.

குமிழை மென்மையான பல்பிரஷ்ஷால் தடவி, வினாகிரியில் கொஞ்சநேரம் ஊறவிட்டு, பொட்டாசியம் குளோரைட் கரைசலில் இரண்டு நாள் வைத்தேன். அறுபது எண்பதானது. அதற்கு மேல் வரவில்லை. இந்தக் குமிழ்களின் ஆயுளே ஒன்று இரண்டு வருடம்தான், வாங்கும்போது யாரும் சொல்வதில்லை. ஆகவே இரண்டாம் வருடத்தில் வயர் வைத்த மொனிற்றர் ஒன்றை எடுத்தேன். குமிழைக் கீழ்த் தொட்டியிலேயே விட்டுவிடலாம், திரையில் எந்நேரமும் இலக்கம் நிற்கும், இரண்டு புள்ளியில் அளவு பார்க்கலாம், குமிழைத் தனியாக மாற்றலாம். இதுதான் நான் இப்போது பாவிப்பது. நல்ல சாமான், ஆனால் இதுவும் என் கையில் அகப்பட்டுச் சில பொய்கள் சொன்னது.

முதலாவது, அளவைக் கரைசலுக்கான தூளைக் கிணற்றுத் தண்ணீரில் கரைத்தேன். வடிகட்டிக் கொதிக்கவைத்த தண்ணீர்தானே என்ற எண்ணம். எங்கள் ஊர் நிற்பதே சுண்ணாம்புக்கல்லின் மேல். கேத்திலைத் திறந்து பார்த்தால் தெரியும். 9.18 கரைசல் பால்போலக் கலங்கி நின்றது. கல்சியம் படியும்போது கரைசலின் பிஎச் இறங்கிவிடும். இறங்கின கரைசலை 9.18 என்று மொனிற்றருக்குச் சொல்லிக்கொடுத்தால், அது பிறகு எல்லாவற்றையும் கூட்டியே காட்டும். இப்போது கராச்சுக்காரரிடம் பற்றரிக்கு விடும் தண்ணீர் வாங்குகிறேன். கவனம், அமிலம் கலந்த போத்தலும் பக்கத்திலேயே நிற்கும், கேட்டு வாங்கவேண்டும்.

தூள் தட்டுப்பாடான நேரத்தில் ஒரு கைவைத்தியமும் உண்டு. மருந்துக்கடை வெண்காரம் 3.8 கிராமை ஒரு லீற்றர் காய்ச்சி வடித்த தண்ணீரில் கரைத்தால் 25 பாகை செல்சியஸில் 9.18 வரும். கரம் போர்ட்டுக்குப் போடும் வெள்ளைத் தூள் போரிக்கமிலம், அது வேறு. வெண்காரத்தைப் பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

இரண்டாவது, கரைசலைப் பழுதாகாமல் பிரிட்ஜில் வைத்து, எடுத்த கையோடு அளவு பார்த்தது. 9.18 என்பது 25 பாகைக்குரிய இலக்கம். 10 பாகையில் அதே கரைசல் 9.33, எங்கள் வீட்டு வெக்கையான 30 பாகையில் 9.14. மொனிற்றரில் வெப்பத்தை ஈடுசெய்யும் வசதி இருக்கிறதே என்று இருந்துவிட்டேன். அது குமிழின் உணர்வைத்தான் ஈடுசெய்யும், போத்தலுக்குள் இருப்பது மாறியதை அல்ல. இதனால் தொட்டி இலக்கம் 0.1 அளவு குறைந்து நின்றது. இப்போது அளவைப் போத்தலைத் தொட்டிக்குள்ளேயே அரைமணித்தியாலம் மிதக்கவிட்டு, இரண்டும் ஒரே சூட்டுக்கு வந்த பிறகுதான் மூடியைத் திறக்கிறேன். திறந்த கரைசலைத் திருப்பி ஊற்றுவதில்லை. உயர் பிஎச் கரைசல் காற்றிலிருந்து காபனீரொக்சைட்டை இழுத்துக் கெட்டுப்போகும்.

மூன்றாவதுதான் பயங்கரம். ஒருநாள் திரையில் இலக்கம் துள்ளத் தொடங்கியது: 8.1, 7.7, 8.4, திரும்ப 7.8. பிஎச் அப்படித் துள்ளாது. ஒரு பேணியில் தொட்டித் தண்ணீரை அள்ளி, குமிழை அதற்குள் விட்டேன். 8.08, அசையாமல் நின்றது. திரும்பத் தொட்டிக்குள் விட்டால் துள்ளல். ஒவ்வொரு பிளக்காகக் கழற்றிக்கொண்டு போனேன். கீழ்த் தொட்டித் தண்ணீரை மேலே அனுப்பும் திரும்பு பம்பைக் கழற்றியதும் இலக்கம் அடங்கிவிட்டது. பம்பின் உறையில் மயிரிழை வெடிப்பு, கரண்ட் தண்ணீருக்குள் கசிகிறது. அதுவரை தினமும் அந்தத் தண்ணீரில் கைவிட்டுக்கொண்டிருந்தேன். கண்ணாடித் தொட்டியில் கரண்ட் நிலத்துக்குப் போக வழியில்லாவிட்டால், நாங்கள் தொடும்வரை ட்ரிப் சுவிட்ச் விழாது. பம்பு அன்றைக்கே குப்பைக்குப் போனது, தொட்டிக்கு எர்த் கம்பி வந்தது. இந்த ஒரு காரணத்துக்காகவே மொனிற்றருக்குக் கொடுத்த காசைப் பற்றி நான் முணுமுணுப்பதில்லை.

இவ்வளவும் பட்ட பிறகு ஒரு வியாதி பிடித்தது: எது குறைந்தாலும் மீற்றர்தான் பொய் என்று சொல்வது. ஆவணியில் நல்லூர்த் திருவிழாவுக்குக் கனடாவிலிருந்து மச்சானும் குடும்பமும் வந்தார்கள். ஹோலில் பாய் விரித்து எட்டுப் பேர் படுக்கை. "மச்சான், ஏசியைப் போடட்டே?" என்றான். யன்னல், கதவு எல்லாம் பூட்டு. விடிய எழும்பிப் பார்த்தால் 7.72. குமிழைக் கழுவினேன், அளவு பார்த்தேன், பம்பெல்லாம் கழற்றினேன். பேணியிலும் 7.72.

ஒரு போத்தல் தொட்டித் தண்ணீரை முற்றத்து மாமரத்தடியில் வைத்து, காற்றுக்கல் போட்டு ஒரு மணித்தியாலம் குமிழி விட்டேன். 8.1-க்கு ஏறிவிட்டது. அப்படியென்றால் மீற்றர் இந்த முறை உண்மைதான் சொல்லியிருக்கிறது. எட்டுப் பேரின் மூச்சு பூட்டிய ஹோலில் தங்கி, அந்தக் காபனீரொக்சைட் தண்ணீருக்குள் போயிருக்கிறது. ஒரு யன்னலைத் திறந்துவிட்டேன், அவ்வளவுதான் வைத்தியம். மச்சானுக்குக் காரணத்தைச் சொன்னபோது, "எங்கட மூச்சுக் காத்துக்கும் இஞ்ச கணக்கு வைக்கிறியள்" என்று சிரித்தான்.

ஆட்கள் இல்லாத நாட்களிலும் விடியமுன் இலக்கம் குறைந்தும் பின்னேரம் கூடியும்தான் இருக்கும். வெளிச்சத்தில் பாசி காபனீரொக்சைட்டை எடுக்கிறது, இருட்டில் விடுகிறது. 0.2 அளவு ஏறி இறங்குவதைப் பார்த்துப் பதறவேண்டியதில்லை. அப்பச்சோடா டப்பா குசினிக்குத் திரும்பிப் போய்விட்டது.

பழைய பேனா மீற்றரை எறிய மனம் வரவில்லை. அச்சுவேலிப் பக்கம் முந்திரிகை (திராட்சை) தோட்டம் செய்யும் நண்பரிடம் கொடுத்துவிட்டேன், மருந்தடிக்கும் தண்ணீரைப் பார்ப்பதற்கு. 6.86-இல் சரிசெய்துதான் கொடுத்தேன். அவருடைய கிணற்றுத் தண்ணீர் 7.2. அவ்வளவு கிட்டத்தில் அந்தக் கிழட்டுக் குமிழுக்குப் பொய் சொல்லப் பெரிதாக இடமில்லை.