சுரியிலும் உப்பிலும் ஓடிய அக்சில்: பகி வண்டிக்கு சுசுகி போட்ட அனுபவம்

சேற்றிலும் மணலிலும் ஓட நாமே சட்டம் போட்டுக் கட்டும் பகி வண்டியைக் கட்ட நினைக்கும் தம்பிமார் எஞ்சினைப் பற்றியே கேட்கிறார்கள். எஞ்சினுக்குப் பல வழி உண்டு. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைச் சுரியில், அதாவது ஒட்டும் சேற்றில், வண்டியைக் கரை சேர்ப்பதும் நடுவில் கைவிடுவதும் சில்லுகளைத் தாங்கிச் சுழற்றும் அக்சில்தான். அதனால் அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

என் வண்டி இரும்புக் குழாய்ச் சட்டத்தில் கட்டியது. முன்னும் பின்னும் சுசுகி எஸ்ஜே413 ஜீப்பின் அக்சில்கள். கிரானுக்கு மேற்கே உள்ள மாட்டுப் பட்டியிலிருந்து பால் கான்களை வீதிக்குக் கொண்டுவருவதும், விதைப்புக் காலத்தில் விதைநெல்லையும் உரப்பைகளையும் வயலுக்குள் இறக்குவதும் இதன் வேலை. பதிவு இல்லாத வண்டி என்பதால் பிரதான வீதியில் ஏறுவதில்லை. வாகரைப் பக்கம் கடற்கரை மணலுக்குப் போவதென்றால் லொறியில் ஏற்றித்தான் கொண்டுபோவோம். சில மாரிகளைப் பார்த்துவிட்ட வண்டி என்பதால் இப்போது துணிந்து சொல்ல முடிகிறது.

பெரியவர்கள் எல்லோரும் லான்ட்ரோவர் அக்சிலைத்தான் சொன்னார்கள். அதற்குக் காரணமும் இருக்கிறது. பழைய சீரிஸ் லான்ட்ரோவரின் பின் அக்சிலில் வண்டியின் பாரத்தைச் சில்லைப் பூட்டும் ஹப்பும் பெயாரிங்குகளும் தாங்குகின்றன. உள்ளே உள்ள தண்டு சில்லைச் சுழற்றுவதோடு சரி. தண்டு முறிந்தாலும் சில்லு கழன்று போகாது, வயல் நடுவிலேயே தண்டை உருவி எடுக்கலாம். சுசுகியின் பின் அக்சிலில் பாரத்தையும் முறுக்கையும் ஒரே தண்டு சுமக்கிறது. ஆனால் லான்ட்ரோவர் அக்சில் என் வண்டிக்கு மிதமிஞ்சிய பாரம். ஸ்பிரிங்குக்குக் கீழே பாரம் கூடினால் இலேசான வண்டி குழிக்குக் குழி துள்ளும். சில்லு நிலத்தில் பதியாது. பழைய டொயோட்டா ஹைலக்ஸின் 8 அங்குலக் கிரவுன் (அக்சிலின் உள்ளே உள்ள பெரிய பல்சக்கரம்) கொண்ட அக்சிலும் நல்ல இரும்புதான். பெரிய எஞ்சினும் பெரிய டயரும் போடுகிறவர்களுக்கு அதையே சொல்வேன்.

நான்கு சில்லும் தனித்தனியாக அசையும் அமைப்பை விரும்புகிறவர்களும் உண்டு. வேகமாக ஓட அது நல்லது. எங்கள் வேலைக்குச் சரிவராது. அந்த அமைப்பில், இரண்டு சில்லுக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரப் பெட்டியான டிஃபரன்ஷல் சட்டத்தோடு சேர்ந்திருப்பதால், கான்களை ஏற்றி ஸ்பிரிங் அமுங்கியதும் அதுவும் நிலத்தை நோக்கி இறங்கிவிடும். இரண்டு சில்லையும் ஒரே கூட்டால் இணைக்கும் நேர் அக்சிலில் டிஃபரன்ஷலின் உயரம் டயரைப் பொறுத்தது. எவ்வளவு ஏற்றினாலும் அங்கேயே நிற்கும்.

அகலத்தையும் பார்க்க வேண்டும். சுசுகியின் எஸ்ஜே410 ஜீப்பில் இடச் சில்லுக்கும் வலச் சில்லுக்கும் இடையே ஏறத்தாழ 1200 மில்லிமீற்றர், எஸ்ஜே413இல் 1300. அந்த 100 மில்லிமீற்றர் வரம்பு ஏறி இறங்கும்போது தெரிகிறது. சரிவில் வண்டி ஒருக்களித்தாலும் கவிழ்ந்துவிடுமோ என்ற பயம் குறைகிறது.

வாங்கும்போது பல் விகிதத்தை எண்ணிப் பார்த்தே தீர வேண்டும். கொழும்பில் பழைய உதிரிப்பாகம் விற்கும் பஞ்சிகாவத்தையில் வாங்கினாலும் ஊரில் பழைய இரும்புக் கடையில் வாங்கினாலும் இதே கதைதான். கிரவுனில் 41 பல்லும் அதைச் சுழற்றும் சிறிய சக்கரமான பினியனில் 11 பல்லும் என்றால் 3.73, 37க்கு 9 என்றால் 4.11. முன்னுக்கு ஒன்றும் பின்னுக்கு ஒன்றுமாகக் கலந்து தரும் வியாபாரிகள் இருக்கிறார்கள். அப்படிப் பூட்டி நான்கு சில்லு இழுவையில் கெட்டி நிலத்தில் ஓடினால் முன் அக்சிலும் பின் அக்சிலும் ஒன்றையொன்று இழுத்துக் கியர்ப் பெட்டியைத் தின்றுவிடும். டயர் பெரிதானால் இழுவை குறையும் என்பதையும் கணக்கில் எடுங்கள். நான் 29 அங்குலத்துக்கு மேல் போகவில்லை.

இனி, அக்சிலைத் தின்னும் உண்மையான பகைக்கு வருகிறேன். அது தண்ணீர். கிரான் – புலிபாய்ந்தகல் வீதி மூழ்கித் தோணி விடும் வெள்ளத்தில் நான் இறங்குவதில்லை. ஆனால் முழங்கால் அளவு தண்ணீர் மாரியில் எங்கும் உண்டு. ஓடிச் சூடான டிஃபரன்ஷல் குளிர்ந்த தண்ணீரில் இறங்கியதும் உள்ளிருக்கும் காற்று சுருங்குகிறது. சுருங்கிய காற்று, ஒயில் ஒழுகாமல் தடுக்கும் ஒயில் சீல் வழியாகத் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்கிறது. அக்சிலின் மேலே பிரீதர் என்ற சிறு மூச்சுத் துளை இருக்கிறது. அதில் ரப்பர்க் குழாய் பூட்டிச் சட்டத்தின் உச்சிவரை ஏற்றி, நுனியில் பெற்றோல் ஃபில்டர் ஒன்றைச் செருகி விட்டேன். முழு வண்டியிலும் மிகக் குறைந்த செலவு அதுதான். மிக அதிகப் பலன் தந்ததும் அதுதான்.

மாரி முடிந்ததும் அடித் திருகைக் கழற்றி ஒயிலை வெள்ளைக் கிண்ணத்தில் பிடிப்பேன். தேன் நிறத்திலோ கறுத்தோ வந்தால் கவலையில்லை. பாலூற்றிய தேநீர் நிறத்தில் வந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது என்று பொருள். திருகின் காந்த நுனியில் ஒட்டும் இரும்பை விரலால் தேய்த்துப் பார்ப்பேன். மை போல் மிருதுவாக இருந்தால் சாதாரணத் தேய்மானம். துண்டாகத் தட்டுப்பட்டால் பல் உடைந்திருக்கிறது.

முன் சில்லைத் திரும்பவிடும் கோள மூட்டுதான் சுசுகியின் பலவீனம். அதைச் சுற்றியுள்ள சீல் சுரியில் சீக்கிரம் தேய்கிறது. உள்ளே கிறீஸ் வெளுத்துக் கூழாகிவிடுகிறது. ஜாக்கி போட்டுச் சில்லை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் சில்லு திரும்பும் அச்சைப் பிடித்திருக்கும் கிங்பின் பெயாரிங்கின் ஆட்டம் கைக்குத் தெரியும். ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பி வைத்துக்கொண்டு எஞ்சினை மிதித்தால் அந்தக் கோளத்துக்குள் இருக்கும் தண்டு மூட்டு வெடிக்கும். வண்டியைக் கையில் எடுக்கும் எவருக்கும் முதலில் இதைத்தான் சொல்கிறேன்.

டிஃபரன்ஷலை வெல்டு பிடித்து இரண்டு சில்லையும் ஒன்றாக்கச் சொல்வார்கள். சேற்றில் அது இழுக்கும், உண்மை. காய்ந்த களத்தில் திரும்பும்போது ஒரு சில்லு தேய்த்துக்கொண்டே வர, தண்டு முறுகும். மெல்லிய சுசுகித் தண்டுக்கு அந்தத் தண்டனை வேண்டாம். மணலில் டயர்க் காற்றைப் பாதியாக இறக்கினாலே போதும், வண்டி மிதந்து போகும்.

கடற்கரைக்குப் போய்வந்த அன்றே நன்னீரால் அக்சில் கூட்டையும் பிறேக் டிரம்மையும் கழுவ வேண்டும். மறுநாள் என்று தள்ளினால் உப்பு இரும்புக்குள் இறங்கிவிடுகிறது. பின் பெயாரிங்கை மாற்றுவது மட்டும் வீட்டு வேலை இல்லை. அதைப் பிடித்திருக்கும் வளையத்தை அரைத்து உளியால் பிளக்க வேண்டும், புதியதை அழுத்தி ஏற்ற வேண்டும்; அழுத்தும் இயந்திரமான பிரஸ் உள்ள கராஜுக்குத்தான் கொண்டுபோகிறேன். இடப் பக்கத்துப் பெயாரிங் இப்போது இலேசாக இரையத் தொடங்கியிருக்கிறது. புரட்டாசிக்குள் இரண்டு பக்கமும் புதிது போட்டுவிட்டுத்தான் விதைப்புக்கு இறக்குவேன்.