ரீபிரீதரை சர்வீஸுக்குக் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

ரீபிரீதர் என்பது நாம் விட்ட மூச்சையே சுத்தம் செய்து திரும்ப இழுக்கத் தரும் டைவிங் கருவி. சேலத்தில் அதை வைத்திருப்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதனால்தான் ஏற்காட்டில் ஒருவர் வீட்டிலேயே டைவிங் சாமான்களை சர்வீஸ் செய்கிறார் என்று கேள்விப்பட்டதும், வெளியூருக்கு அனுப்பும் அலைச்சல் மிச்சம் என்று நம்பி நவம்பரில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

என் கண் முன்னாலேயே மீட்டர் வைத்துக் காட்டினார். உள்ளே ஆக்சிஜனை அளக்கும் மூன்று செல்லும் காற்றில் 8.4 மில்லிவோல்ட் பக்கம் நின்றன. பாண்டிச்சேரியில் நான் குறித்து வைத்திருந்தது 10.1. "செல்லு செத்துப்போச்சுங்க, இதோட தண்ணிக்குள்ள இறங்கினா உயிருக்கே ஆபத்து" என்றார். உயிர் என்று சொன்ன பிறகு யார் பேரம் பேசுவார்கள்? மூன்று செல்லுக்கு 27,000, சர்வீஸுக்கு 6,000. பில் அப்புறம் தருகிறேன் என்றார், இன்றுவரை வரவில்லை.

பத்து நாள் கழித்து வாங்கிக்கொண்டு 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கும்போது காது அடைத்தது. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம், அங்கே காற்றழுத்தம் கடலோரத்தைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு, செல் அளப்பதோ ஆக்சிஜனின் அழுத்தத்தை. கடலோரத்தில் 10.1 காட்டும் நல்ல செல் அங்கே 8.4தான் காட்டும். என் செல்களுக்கு ஒன்றுமே ஆகவில்லை. அவர் போட்டுக் கொடுத்த 'புது' செல்களில் இரண்டில் தேதி சுரண்டப்பட்டிருந்தது.

அதைவிட மோசம் உள்ளே இருந்தது. அஸ்தம்பட்டியில் வீட்டுக்கு வந்து பையைத் திறந்ததும் நனைந்த கோணிச் சாக்கு வாடை. மூச்சுப்பையைச் சாய்த்தால் அரை டம்ளர் தண்ணீர், ஹோஸின் மடிப்புக்குள் கரும்புள்ளிப் பூஞ்சை, கரியமில வாயுவைப் பிடிக்கும் டப்பாவான ஸ்க்ரப்பருக்குள் பழைய சோடா சுண்ணாம்பு கட்டி தட்டிக் கிடந்தது. மூடுபனியில் கழுவி, காயவே விடாமல் ஜிப் போட்டு வைத்திருக்கிறார். போன் செய்தால், "எப்படியும் தண்ணிக்குள்ளதானே போவுது, ஈரமா இருந்தா என்னங்க?" என்கிறார்.

ரீபிரீதரில் ஈரம் வெளியிலிருந்து மட்டுமா வருகிறது? நாம் விடும் மூச்சிலும் ஈரம், சுண்ணாம்பு கரியமில வாயுவைப் பிடிக்கும்போதும் தண்ணீரும் சூடும் உண்டாகும். ஒவ்வொரு டைவுக்குப் பிறகும் உள்பக்கம் நனைந்துதான் இருக்கும், அதே மூச்சுப்பையிலிருந்துதான் திரும்ப மூச்சு இழுக்கிறோம், பூஞ்சை நேராக நுரையீரலுக்குப் போகும். தேங்கிய தண்ணீர் சுண்ணாம்பில் பட்டு அந்தக் காரம் வாய்க்கு வந்தால் தொண்டை வெந்துவிடும். செல்லின் முகத்தில் ஈரம் படிந்தால் அது காட்டும் அளவையும் நம்ப முடியாது.

நான் எப்போதும் எல்லாவற்றையும் தனித்தனியாகக் கழற்றி, நல்ல தண்ணீரில் அலசி, கிருமிநாசினி போட்டு, மூச்சுப்பையை வாய் கீழே இருக்கும்படி தொங்கவிட்டு, சின்ன ஃபேனில் குழாய் மாட்டி ஹோஸுக்குள் காற்றை விடுவேன். வெயிலும் வேண்டாம், ஹேர் டிரையரும் வேண்டாம், ரப்பர் கெட்டுவிடும். செல்களை மட்டும் கழற்றி வேறு அறையில் வைப்பேன். சேலத்தில் ஒரே ராத்திரியில் காய்ந்துவிடும், ஏற்காட்டுப் பனியில் மூன்று நாளானாலும் பிசுபிசுப்புதான்.

யாரிடம் கொடுத்தாலும் அங்கேயே பையைத் திறந்து, ஹோஸுக்குள் டார்ச் அடித்து, விரல் விட்டுத் தடவிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். செல்லை மாற்றினால் பழையதைக் கையோடு கேட்டு வாங்குங்கள். என்னுடைய மூன்றையும் தூக்கிப் போட்டுவிட்டதாகச் சொல்கிறார். ஹோஸ் இரண்டும் புதிதாக வாங்கியாக வேண்டும், டிசம்பரில் அந்தமான் போக எடுத்த டிக்கெட்டை நேற்று ரத்து செய்துவிட்டேன்.