இரண்டு முழ நூலும் என் 48,000 ரூபாயும்: பழைய பேஸ் கிடார் வாங்கப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

மயிலாடுதுறைக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து கோயில் திருவிழாக்களுக்கும் கல்யாண வரவேற்புகளுக்கும் போகும் மெல்லிசைக் குழு ஒன்றில் நான், தாழ்ந்த சுரங்களுக்கான பேஸ் கிடார் வாசிக்கிறேன். பத்து வருடமாகக் குழுவுக்குச் சொந்தமான கிடாரையே வாசித்து வந்த நான், சென்ற ஆவணியில் முதன்முறையாகச் சொந்தக் கருவி வாங்க ஆசைப்பட்டு, டெல்டாவின் பெரிய ஊர் ஒன்றில் இருக்கும் கடைக்குப் போய், பழைய பேஸ் கிடாருக்கு 28,000 ரூபாயும், அதன் சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப்புக்கு 17,500 ரூபாயும், கிடாரைச் 'செட்டிங்' செய்ததற்கு 2,500 ரூபாயுமாக 48,000 ரூபாயைக் கொடுத்துவிட்டு வந்தேன். ஒரு கச்சேரிக்கு எனக்குக் கிடைப்பது 1,500 ரூபாய். அந்தக் கணக்கில் அது 32 இரவுகளின் கூலி. புகார் நிலுவையில் இருப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை. ஆனால் நான் எங்கெங்கே ஏமாந்தேன் என்பதை ஒளிக்காமல் எழுதுகிறேன்.

கடைக்காரர் கிடாரைத் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தார். தலைப்பகுதியில் ஃபெண்டர் என்ற பெரிய கம்பெனியின் பெயர் இருந்தது. புதுத் தந்தி மாட்டி, ஒரு சின்ன ஆம்ப்பில் சொருகி, கட்டை விரலால் தட்டி வேகமாக வாசித்துக் காட்டினார். அசந்துபோகும் வாசிப்புதான், மறுக்கவில்லை. வாசித்தது முழுவதும் விரல் அழுத்தாத திறந்த தந்திகளிலும், கழுத்தின் குறுக்கே பதித்த ஃப்ரெட் கம்பிகளில் முதல் ஐந்துக்குள்ளும் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. நான் கையில் வாங்கி வாசித்தபோதும், ஊரில் வாசிக்கும் பழக்கத்தில், என் கையும் அந்த ஐந்து ஃப்ரெட்டுக்குள்ளேயே சுற்றியது. பேரம் படிந்ததும் பில் கேட்டேன். "பழைய சாமானுக்கு எதுக்கு தம்பி பில்லு?" என்று சொல்லி, எஸ்டிமேட் என்று அச்சிட்ட சீட்டில் தொகையை மட்டும் எழுதிக் கொடுத்தார். பணத்தை நான் கையில் கொடுக்காமல் செல்பேசி வழியாக அனுப்பியிருந்ததுதான் பிற்பாடு எனக்கிருந்த ஒரே பிடிமானம்.

குறையை முதலில் கண்டுபிடித்தவர் என் அப்பா. அவர் தவில் வாசிப்பவர். கிடாரைப் பற்றி ஒன்றும் தெரியாது. திண்ணையில் உட்கார்ந்து நான் ஒரு பாட்டின் சரணத்தை மேல் ஃப்ரெட்டுகளில் வாசித்துக்கொண்டிருந்தபோது, உள்ளிருந்து வந்து, "மேல போகப் போக சுருதி ஏறுதேப்பா, உனக்குக் கேக்கலையா?" என்றார். சுருதி காட்டும் டியூனரை மாட்டிப் பார்த்தேன். திறந்த தந்தி சரியாக இருந்தது. பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் அழுத்தினால் அதே சுரம் மேல் ஸ்தாயியில் வர வேண்டும்; வந்ததோ கிட்டத்தட்ட கால் பங்கு அரைச்சுரம் தூக்கலாக. இப்படித் தூக்கலாக இருந்தால் அடிப்பக்கத்தில் தந்திகளைப் பிடித்திருக்கும் பிரிட்ஜில், தந்திக்கு ஒன்றாக இருக்கும் சேடில் என்ற தாங்கியைத் திருகு கொண்டு பின்னுக்கு இழுக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். நான்கு சேடில்களும் ஏற்கெனவே பின்னால் முட்டி நின்றன. இனி நகர இடமில்லை.

அப்பாவுக்குத் தெரிந்த வீணை ஆசாரி ஒருவர் தஞ்சாவூரில் இருக்கிறார். அவரிடம் கொண்டுபோனோம். வீணையின் மெட்டுகளை, அதாவது அதன் ஃப்ரெட்டுகளை, மெழுகும் கரித்தூளும் கலந்த பசையில் உட்கார வைப்பதால், சுருதி பிசகினால் மெட்டையே நகர்த்தி மேளம் கட்டிவிடலாம். கிடாரில் அந்த வசதி இல்லை, கம்பியை மரத்தில் அறைந்தாயிற்று. அவர் டியூனரைக் கேட்கவில்லை. இரண்டு முழ நீளத்துக்கு ஒரு வெள்ளை நூலை எடுத்து, தலைப்பக்கத்தில் தந்திகளைத் தாங்கும் நட்டிலிருந்து சேடில் வரைக்கும் தந்தியை ஒட்டிப் பிடித்து, அந்த அளவைச் சரிபாதியாக மடித்து, மறுபடியும் நட்டிலிருந்து வைத்தார். மடிப்பு பன்னிரண்டாம் ஃப்ரெட்டைத் தொடவில்லை. தலைப்பக்கமாக ஒரு நெல்மணியின் அகலத்துக்கு முன்பே நின்றுவிட்டது. ஒழுங்கான கருவியில் மடிப்பு அந்த ஃப்ரெட்டின் மேலேயோ, அதைத் தாண்டிப் பிரிட்ஜ் பக்கமாகக் கொஞ்சம் தள்ளியோ விழ வேண்டும். பிறகு அளவு நாடாவில் பார்த்தோம்: நட்டிலிருந்து பன்னிரண்டாம் ஃப்ரெட் வரை 17 அங்குலம், அங்கிருந்து சேடில் வரை 16¾ அங்குலம்.

ஃபெண்டரின் பிரிசிஷன் பேஸ் 1951இல் வந்தபோதே தந்தியின் நீளம் 34 அங்குலம். இன்று விற்கும் பேஸ் கிடார்களில் பெரும்பாலானவை அதே நீளத்தைத்தான் பின்பற்றுகின்றன. நின்றுகொண்டு வாசிக்கும் பெரிய பேஸில் ஃப்ரெட் கிடையாது. ஃப்ரெட் வைத்ததால் சுரம் பிசகாமல் துல்லியமாக விழும் என்பதால்தான் அந்தப் பெயரே வந்தது. என் கையில் இருந்ததிலோ அந்தத் துல்லியம்தான் இல்லை. நெக்கை, அதாவது கழுத்தைப் பிடித்திருந்த நான்கு திருகுகளையும் ஆசாரி கழற்றியதும் விஷயம் வெளிச்சமாயிற்று. நெக் வேறொரு கிடாருடையது. அதன் அடி பொருந்தாததால், உடலில் இருக்கும் குழியை உளியால் கால் அங்குலம் பிரிட்ஜ் பக்கமாகக் குடைந்து உள்ளே தள்ளியிருக்கிறார்கள். குடைந்த இடத்தில் மரம் புதிதாக வெளுத்திருந்தது. தலைப்பகுதியில் இருந்த பெயரின் ஓரத்தில் நகத்தை வைத்தால் தூக்கிக்கொண்டு வந்தது, அதுவும் ஒட்டியதுதான்.

2,500 ரூபாய் 'செட்டிங்' கதை இதைவிடக் கேவலம். தந்தி உயரமாக இருக்கிறது, விரல் வலிக்கும், இறக்கித் தருகிறேன் என்று கடையின் மெக்கானிக் உள்ளே கொண்டுபோய்ப் பத்து நிமிடத்தில் திருப்பிக் கொடுத்தார். தந்தி இறங்கியிருந்தது, வாசிக்கச் சுகமாகவும் இருந்தது. அவர் செய்தது, நெக்குக்குள் ஓடும் டிரஸ் ராடு என்ற இரும்புக் கம்பியை முடிந்த மட்டும் முறுக்கியதுதான். டிரஸ் ராடு இருப்பது தந்திகளின் இழுப்புக்கு எதிராக நின்று நெக்கின் வளைவைச் சரியாக வைப்பதற்கு. தந்தியின் உயரத்தைச் சேடில்களில்தான் கூட்டிக் குறைக்க வேண்டும். முறையான வேலை என்றால், முதலில் தந்தி மாட்டிச் சுருதி சேர்க்க வேண்டும்; பிறகு முதல் ஃப்ரெட்டையும் நெக் உடலோடு சேரும் இடத்து ஃப்ரெட்டையும் அழுத்திப் பிடித்து, ஏழாம் எட்டாம் ஃப்ரெட்டின் மேல் ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் இடைவெளி, அதாவது சுமார் 0.3 மில்லிமீட்டர், இருக்கும்படி ராடைக் கால் சுற்று கால் சுற்றாகத் திருப்ப வேண்டும். அதற்கப்புறம் சேடிலின் உயரம், கடைசியாகத்தான் பன்னிரண்டாம் ஃப்ரெட்டின் சுருதி. பத்து நிமிடத்தில் இது முடியாது. ஐப்பசி மழை பிடித்து மரம் ஈரம் குடித்ததும் என் கிடாரில் முதல் நான்கு ஃப்ரெட்டுகளும் கரகரவென்று இரைந்தன. ராடைத் தளர்த்தலாம் என்று எல் சாவியை நுழைத்தால், அறுகோணக் குழி தேய்ந்து வட்டமாகியிருந்தது. சாவி சும்மா சுற்றியது.

ஆம்ப்பைப் பற்றி எழுதும்போது எனக்கு என் மேலேயே கோபம் வருகிறது, ஏனென்றால் உண்மை அதன் முதுகிலேயே எழுதியிருந்தது. முன்பக்கத்தில் 500 வாட் என்று கொட்டை எழுத்து. பின்பக்கத்தில், மின்கம்பி சொருகும் இடத்துக்குப் பக்கத்தில், ஃபியூஸ் 0.5 ஆம்பியர் என்று சின்ன எழுத்து. 230 வோல்ட்டில் அரை ஆம்பியர் என்றால் அந்தப் பெட்டி சுவரிலிருந்து இழுப்பதே 115 வாட்தான். உள்ளே போவதைவிட அதிகமாக வெளியே வராது. முன்னால் இருந்தது பி.எம்.பி.ஓ. என்ற விளம்பரக் கணக்கு. நாம் கேட்க வேண்டியது, தொடர்ந்து தரக்கூடிய சக்தியைச் சொல்லும் ஆர்.எம்.எஸ். வாட். உள்ளே இருந்த ஸ்பீக்கரும் லீட் கிடாருக்கானது. பேஸின் தடித்த ஈ தந்தி 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. அந்த அதிர்வுக்கு முன்னும் பின்னும் போய்வர அந்தக் காகிதக் கூம்பால் முடியாது. 'இன்னும் சத்தம் வேணும்னா இந்தப் பெட்டியையும் சேர்த்துக்கோங்க' என்று வேறொரு கேபினெட்டையும் வாடகைக்குக் கொடுத்தார்கள். ஆம்ப்பின் ஸ்பீக்கருடைய மின்தடை 4 ஓம், அந்தக் கேபினெட்டும் 4 ஓம், இணையாகச் சேர்த்தால் 2 ஓம்; 4 ஓமுக்குக் குறையக் கூடாது என்று ஆம்ப்பிலேயே போட்டிருந்தது. நவராத்திரிக் கச்சேரியில் மூன்றாம் பாட்டின் நடுவில் கருகல் வாடை வந்தது, அப்புறம் சத்தமே இல்லை.

அன்றைக்கு என் மானத்தைக் காப்பாற்றியவர் மைக் செட் அண்ணன். கிடாரின் சிக்னலை மிக்சருக்கு ஏற்றபடி மாற்றும் டி.ஐ. பாக்ஸ் ஒன்றை எடுத்து, கிடாரை நேராக அவருடைய மிக்சரில் கொடுத்து, அவருடைய பெரிய பேஸ் பெட்டிகளிலேயே வாசிக்க வைத்தார். அதுவரை எங்கள் குழுவில் எவருமே வாசிக்காத அளவுக்குத் தெளிவான சத்தம். எங்கள் பக்கத்துத் திருவிழாக்களில் எப்படியும் பெரிய சவுண்ட் செட் இருக்கத்தான் செய்கிறது; மேடையில் நம் காதுக்கு மட்டும் ஒரு சின்னப் பெட்டி இருந்தால் போதும். 17,500 ரூபாய்க்கு நான் ஆம்ப்பே வாங்கியிருக்க வேண்டியதில்லை.

கடைக்குத் திரும்பப் போனபோது, 'நீங்கதான் தப்பா கனெக்ஷன் குடுத்திருக்கீங்க' என்றார்கள். நெக்கைப் பற்றிக் கேட்டதற்கு, 'வாங்கும்போது வாசிச்சுப் பார்த்துதானே வாங்குனீங்க' என்றார்கள். பழுது பார்ப்பதாகச் சொல்லி ஆம்ப்பை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டார்கள்; அதற்கும் சீட்டு கிடையாது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்தேன். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரைக்கும் கட்டணம் இல்லை, பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். பணம் அனுப்பிய விவரம், எஸ்டிமேட் சீட்டு, நெக்கைக் கழற்றியபோது எடுத்த படங்கள் ஆகியவற்றை இணைத்துக் கடைக்குப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறேன். ஒப்புகை அட்டை கையெழுத்தோடு திரும்பி வந்துவிட்டது, பதில் வரவில்லை.

கிடாரை ஆசாரியே ஓரளவு தேற்றிக் கொடுத்தார். குழியின் முனையில் கால் அங்குலத்துக்கு ஒரு பலாக்கட்டைத் துண்டை வைத்து நெக்கை வெளியே தள்ளி, பழைய திருகு ஓட்டைகளைப் பலா ஆப்பால் அடைத்துப் புதிதாகத் துளைத்தார். தேய்ந்த ராடை அவராலும் அசைக்க முடியவில்லை; அதனால் 45–105 தடிமன் தந்திகளைக் கழற்றிவிட்டு, இழுப்பு அதிகமான 50–110 தடிமன் தந்திகளை மாட்டி நெக்கைக் கொஞ்சம் முன்னுக்கு வளைய வைத்திருக்கிறேன். இரைச்சல் முக்கால்வாசி போய்விட்டது. தந்தி தடிமனாக இருப்பதால் விரல்தான் வலிக்கிறது.