ராமநாதபுரத்தில் "தியான ஆசிரியர் தீட்சை": 18,500 ரூபாய் போச்சு, நீங்களும் ஏமாறாதீர்கள்

நேற்று சாயங்காலம்தான் உறுதியாகத் தெரிந்தது. கை இன்னும் நடுங்குகிறது, எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ராமேஸ்வரம் தீவில் இருக்கிற தங்கச்சிமடத்தில் மல்லிகை நாற்றங்கால் வைத்திருக்கிறேன். போன 18,500 ரூபாயும் நாற்று விற்ற காசு.

இடத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை, புகார் கொடுக்க இருக்கிறேன். ராமநாதபுரத்தில் ஒரு செல்போன் கடைக்கு மேல் மாடி அறை. தியான மையம் என்று நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். உள்ளூர் ஆட்களைத் தியான ஆசிரியராக எடுக்கிறோம், மாதம் 12,000 சம்பளம் என்று அதில் போட்டிருந்தது. சரி, கேட்டுப் பார்ப்போம் என்று ஏறினேன்.

நான் எங்கே விழுந்தேன் என்று சொல்கிறேன். "எந்த ஊருண்ணே?" என்றான் அங்கே உட்கார்ந்திருந்த ஆள். தங்கச்சிமடம் என்றேன். உடனே நாற்காலியை விட்டு எழுந்து கும்பிட்டான். "எங்க இயக்கமே உங்க தீவுலேருந்துதாண்ணே கிளம்புச்சு" என்றான்.

ஆழ்நிலைத் தியானம் என்ற முறையை உலகமெல்லாம் பரப்பிய மகரிஷி மகேஷ் யோகியின் கதையைச் சொன்னான். குரு பிரம்மானந்த சரஸ்வதி 1953-இல் மறைந்த பிறகு மகேஷ் உத்தரகாசியில் போய் உட்கார்ந்தாராம். அங்கே "ராமேஸ்வரம், ராமேஸ்வரம்" என்ற எண்ணமே திரும்பத் திரும்ப வந்ததாம். 1955-இல் கிளம்பி வந்து ராமநாதசுவாமியைக் கும்பிட்டுவிட்டு, கன்னியாகுமரி வழியாகத் திருவனந்தபுரம் போனபோது பேசச் சொல்லிக் கேட்டார்களாம். அதுதான் தொடக்கம். வயிற்றெரிச்சல் என்னவென்றால், இவ்வளவும் மகரிஷி தன் வாயாலேயே சொன்ன கதை. நான் பிறந்து வளர்ந்த ஊர், எனக்கே தெரியாத சேதி. எனக்குப் புல்லரித்துவிட்டது. அந்த ஒரு நிமிஷத்துக்குக் கொடுத்த விலைதான் 18,500.

தியானத்துக்கு ஏன் காசு என்று கேட்காமல் இல்லை. "மகரிஷியே கட்டணம் வாங்கினவர்தாண்ணே, அதுக்காகவே ஊர் உலகம் அவரைத் திட்டுச்சு. இங்கிலாந்துப் பாட்டுக் குழு பீட்டில்ஸ்காரங்க 1968-ல ரிஷிகேஷ்ல வந்து உட்காரலையா?" என்று மடக்கினான். அதுவும் நிஜம்தான். பிறகு, மகரிஷி கடைசிக் காலத்தில் தலைமையை எங்கள் சுவாமிஜியிடம்தான் ஒப்படைத்தார் என்று ஒரு போடு போட்டான். உண்மையோடு உண்மையாகப் பொய்யும் உள்ளே போய்விட்டது.

தீட்சைக்குப் பழம், பூ, வெள்ளைக் கைக்குட்டை கொண்டுவரச் சொன்னான். என் தோட்டத்து மல்லிகையையே தொடுத்துக் கொண்டுபோனேன். அதை வாங்கி மகரிஷி படத்துக்குப் போட்டுவிட்டு, அந்தப் படத்தின் காலடியில் நிறுத்தியிருந்த கியூஆர் அட்டையைக் காட்டினான். 18,500 அனுப்பினேன். திரையில் வந்த பெயர் ஏதோ ஒரு டிரேடர்ஸ். தியான மையத்துக்கு டிரேடர்ஸ் எதற்கு? கண் பார்த்தது, வாய் கேட்கவில்லை.

மந்திரத்தைக் காதில் சொன்னான். வெளியே சொன்னால் பலிக்காது, பெண்டாட்டியிடம்கூட மூச்சுவிடக் கூடாது என்றான். சான்றிதழும் வேலை உத்தரவும் பதினைந்து நாளில் வரும் என்றான்.

பதினைந்தாம் நாள் போன் செய்தேன். சுவாமிஜி மௌன விரதமாம். அடுத்த வாரம், அமாவாசை கழியட்டும். அமாவாசை கழிந்தது, சுவாமிஜி இமயமலை போய்விட்டார், அங்கே டவர் கிடையாது. என் 18,500-ஐத் திருப்பிக் கொடுங்கள் என்றதும் குரல் மாறிவிட்டது. "உங்க மனசுல சந்தேகம் இருக்கு, அதனாலதான் பலன் தள்ளிப்போகுது" என்கிறான்! பணத்தையும் வாங்கிக்கொண்டு என் மனசிலேயே குற்றம் கண்டுபிடிக்கிறான் பாருங்கள். அப்புறம் என் நம்பரைத் தடுத்துவிட்டான்.

நேற்று நேரில் போனேன். மாடி பூட்டிக் கிடந்தது. கீழே செல்போன் கடைப் பையன், "அண்ணே, இந்த வாரம் நீங்க நாலாவது ஆளு" என்றான். படிக்கட்டில் மண்டபம் ஊர்க்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவருக்கும் 18,500. ரொம்ப நேரம் தயங்கிவிட்டு, "உங்களுக்கு என்ன மந்திரம் கொடுத்தான்?" என்று மெதுவாகக் கேட்டார். போனதோடு போகட்டும் என்று மந்திரத்தைச் சொல்லிவிட்டேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார். இரண்டு பேருக்கும் "ராம்". ராமேஸ்வரத்துக்காரனுக்கு ராம நாமத்தை 18,500 ரூபாய்க்கு விற்றிருக்கிறான். வாயைக் கட்டிப்போட்டதால் இது யாருக்கும் தெரியாமலே ஓடியிருக்கிறது.

ராத்திரி தூக்கம் வரவில்லை. அக்கா மகனை உட்காரவைத்துத் தேடச் சொன்னேன். மகரிஷி 2008 பிப்ரவரி 5 அன்று நெதர்லாந்தில் காலமானார். 2000-லேயே டோனி நாடர் என்ற லெபனான் நாட்டு மருத்துவருக்கு "ராஜாராம்" என்று பட்டம் சூட்டிவிட்டார், இன்றுவரை தலைமை அவர்தான். ராமநாதபுரம் மாடி அறை சுவாமிஜி எந்த வரிசையிலும் இல்லை. மகரிஷிக்கே குருவின் பீடம் கிடைக்கவில்லையாம். பிரம்மானந்தர் சங்கராச்சாரியாராக இருந்த ஜோதிர் மடத்துக்கு, இன்னொரு சீடரான சாந்தானந்தர் பெயரைத்தான் அவர் உயிலில் எழுதியிருந்தார், அதிலும் தகராறு. சாதியால் மகேஷ் சங்கராச்சாரியாராக முடியாது. அதனால் அவர் தனி வழி போட்டார், 1957 கடைசியில் சென்னையில் கூட்டம் போட்டு இயக்கத்தை அறிவித்தார். ஐந்து நிமிஷத் தேடல். பணம் கட்டுவதற்கு முன்னால் செய்திருக்கலாம். (அந்த இயக்கத்து ஆட்கள் என்னை ஏமாற்றியதாக நான் சொல்லவில்லை. அவர்கள் பெயரை வைத்துப் பிழைக்கிற கூட்டம் இது.)

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விவரமாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், இப்போது பொறுமை இல்லை. கியூஆரில் வரும் பெயரைப் படியுங்கள். வெளியே சொல்லாதே என்றால் அன்றைக்கே நாலு பேரிடம் சொல்லுங்கள். பணம் போனால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அடியுங்கள். நான் ஒரு மாதம் கழித்து அடித்தேன், "இவ்வளவு நாள் என்ன சார் பண்ணீங்க?" என்று கேட்டார்கள்.

மண்டபத்துக்காரரும் நானும் நாளைக் காலை எஸ்.பி. ஆபீஸ் போகிறோம். அந்த மாடிக்குப் போனவர்கள் இருந்தால் பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டை எடுத்துக்கொண்டு பத்து மணிக்குள் வந்துவிடுங்கள். மந்திரத்தையும் சொல்லுங்கள்.