நாழிகையா, ராகு காலமா?

வீட்டிலிருந்தே மொழிபெயர்ப்பு வேலை செய்கிறேன். கடலூர் திருப்பாதிரிப்புலியூரில், பாடலீஸ்வரர் கோயிலுக்கு நாலு தெரு தள்ளி வீடு. அண்ணன் மகன் முதுநகரிலிருந்து பஸ் பிடித்து வந்து என் மாடியறையில் குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறான். இருவருக்கும் ஒரே மேசை. அவன் போனில் 25 நிமிடத்துக்கு ஒருமுறை மணி அடிக்கும். என் வாக்கியம் பாதியில் நிற்கும். சண்டை போட்டுப் பார்த்துவிட்டு, எவ்வளவு நேரம் வேலை, எவ்வளவு நேரம் ஓய்வு என்று பிரிக்கும் ஒவ்வொரு முறையையும் ஒரு வாரம் சோதித்துப் பார்ப்பது என்று முடிவு செய்தோம்.

அவனுடையது பொமோடோரோ. 1980களின் பிற்பகுதியில் பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலிய மாணவர், தக்காளி வடிவ சமையலறைக் கடிகாரத்தைத் திருகி வைத்துக்கொண்டு படித்ததில் வந்த பெயர். அவர்கள் மொழியில் பொமோடோரோ என்றால் தக்காளி. 25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு. நாலு சுற்று முடிந்தால் 15 முதல் 30 நிமிடம் ஓய்வு. நம் நாழிகைக்கு 24 நிமிடம்தானே, ஒரு நிமிடம் கூடுதலாக வைத்து விற்றிருக்கிறார்கள் என்று கிண்டல் செய்தேன்.

ஆனால் பிடிக்காத வேலையைத் தொடங்க வைப்பதில் இதை அடித்துக்கொள்ள எதுவும் இல்லை. ஒரு நாழிகைதானே என்று மனசு ஒத்துக்கொள்கிறது. குறள் அதிகாரங்கள், அரசியலமைப்புப் பிரிவுகள் என்று துண்டு துண்டாக மனப்பாடம் செய்பவனுக்கு இது சரியான அளவு. எனக்குச் சரிப்படவில்லை. ஒரு பத்தியின் தொனி பிடிபடவே கால் மணி நேரம் ஆகும்; பிடிபட்டதும் மணி அடித்துவிடும். இன்னொரு சிக்கல், நடுவில் எழுந்தால் அந்தச் சுற்று செல்லாது, மறுபடி முதலிலிருந்து என்பது இதன் சட்டம். வாசலில் கூடையோடு நிற்கும் மீன்காரம்மாவிடம் "இன்னும் பதினோரு நிமிஷம் இருங்க" என்று சொல்லிப் பாருங்கள், தெரியும்.

அதைவிடப் பெரிய குறை அந்த 5 நிமிடம். அதற்குள் பாலைக் காய்ச்சி டீ போட முடியாது, மாடியிறங்கி ஒரு நடை போகவும் முடியாது. கைக்கு எட்டுவது போன் ஒன்றுதான். "அஞ்சு நிமிஷம்தான் அத்தை" என்று எடுப்பவன் இருபது நிமிடம் கழித்துத்தான் தலை நிமிர்வான்.

52 நிமிடம் வேலை, 17 நிமிடம் ஓய்வு என்ற கணக்கில் இந்தத் தொல்லை இல்லை. டீ போட்டுக் குடித்து டம்ளரையும் கழுவி வைத்துவிடலாம். டெஸ்க்டைம் நிறுவனம் 2014இல், வேலை நேரத்தை அளக்கும் தன் செயலியைப் பயன்படுத்தியவர்களில் அதிகம் வேலை முடித்தவர்களின் சராசரியாக வெளியிட்ட எண் இது. 2021இல் அதே நிறுவனம் கணக்கெடுத்தபோது 112க்கு 26 என்று வந்தது. சராசரி இப்படி இடம் மாறுகிறது என்றால், 52இல் மந்திரம் எதுவும் இல்லை.

90 நிமிடம் ஒரே வீச்சில் வேலை செய்யும் முறைக்கு ஆதாரமாகத் தூக்க ஆய்வாளர் நதானியேல் கிளைட்மனைக் காட்டுவார்கள். தூக்கம் சுமார் ஒன்றரை மணி நேரச் சுழற்சிகளாக ஓடுவது தெரிந்த விஷயம். விழித்திருக்கும்போதும் அப்படித்தான் என்று அவர் கருதினார். அதற்குச் சான்று அவ்வளவு வலுவாக இல்லை. இருந்தாலும் எனக்குப் பொருந்தியது இதுதான். ராகு காலமும் அதே ஒன்றரை மணிதான்! விடியற்காலை ஐந்து முதல் ஆறரை வரை ஒரு வீச்சில் முடிப்பது, பகல் முழுக்கச் செய்வதைவிட நன்றாக வருகிறது. மே மாதப் பகலில், கடற்காற்று வீசத் தொடங்கும்வரை மாடியறையில் இது நடக்காத காரியம்.

கடிகாரமே வைக்காமல், சோர்ந்தபோது எழுந்து போகும் முறையையும் பார்த்தோம். மூன்றாம் நாளே இருவரும் சோர்வை மதியச் சாப்பாட்டுக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டோம். விட்டுவிட்டோம்.

ஆக, அவனுக்கு நாழிகை, எனக்கு ராகு காலம். ஒரு திருத்தம் மட்டும் சொன்னேன். குரூப் 4 தேர்வு 200 கேள்வி, 3 மணி நேரம், இடைவேளை கிடையாது. 25 நிமிடத்துக்கே பழகிய உடம்பு அங்கே என்ன செய்யும்? அதனால் சனிக்கிழமைதோறும் பழைய வினாத்தாளோடு மூன்று மணி நேரம் ஒரே உட்கார்வு. முதல் சனிக்கிழமை அரைமணி ஆவதற்குள் அவன் கை தானாக மேசையைத் தடவியது. போன் கீழே அரிசி டப்பாவுக்குள் இருந்தது.