வீட்டுக்கே வந்து பழைய சாமான்களை எடுத்துப்போகும் சேவை: வயதானவர்களுக்கு ஒத்துவருமா?

ரிட்டயர் ஆகி, பிள்ளைகளும் தனித்தனியாகப் போய்விட்ட பிறகு வீட்டில் மிஞ்சுவது இரண்டு பேரும், ஐந்து பேருக்கான சாமான்களும்தான். அதைக் குறைக்கத்தான், வேண்டாத பொருட்களை நன்கொடையாக வீட்டுக்கே வந்து வாங்கிப் போகும் வண்டிச் சேவை ஒன்றைக் கொஞ்ச காலமாகப் பயன்படுத்துகிறோம். பெயர் சொல்லப் போவதில்லை. குறைகளும் சொல்ல இருக்கிறேன், தவிர இந்த மாதிரிச் சேவைகள் எங்கே போனாலும் ஏறக்குறைய ஒரே விதமாகத்தான் நடக்கின்றன. என் மதிப்பெண் ஐந்துக்கு மூன்றரை. அந்த மூன்றரையில் பெரும்பகுதி, அவர்கள் எடுத்துப்போன பொருட்களுக்காக இல்லை, எடுக்க மறுத்த பொருட்களுக்காக.

முதலில் பதிவு செய்யும் கதை. வெப்சைட்டில் ஒவ்வொரு பொருளையும் போட்டோ எடுத்து ஏற்ற வேண்டும், வகை பிரிக்க வேண்டும், நிலைமை 'நன்று', 'சுமார்' என்று குறிக்க வேண்டும், கடைசியில் போனுக்கு வரும் ஓடிபியை அது காலாவதி ஆவதற்குள் போட வேண்டும். மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டுவதற்குள் அது காலாவதி ஆகிவிடும். வீட்டைக் காலி செய்ய நினைப்பவர்களில் பாதிப் பேராவது எங்கள் வயதுக்காரர்களாக இருப்பார்கள் என்று இதை வடிவமைத்தவர்களுக்குத் தோன்றவே இல்லை போலிருக்கிறது. பக்கத்தின் அடியில், எறும்பு சைஸ் எழுத்தில் ஒரு போன் நம்பர் இருக்கிறது. நேராக அதைக் கூப்பிடுங்கள். எடுத்த பெண் பொறுமையாகப் பேசினார், ஒவ்வொரு பொருளாகக் கேட்டு எழுதிக்கொண்டார், நடுவில் நான் எழுந்துபோய் அலமாரியின் நீளத்தை அளந்துவிட்டு வரும்வரை லைனில் இருந்தார்.

அவர் கேட்கக் கேட்கத்தான் "அது எடுக்க மாட்டோம் சார்" என்பதும் வந்துகொண்டே இருந்தது. மெத்தை, தலையணை எடுக்க மாட்டார்கள். மூட்டைப்பூச்சி ரத்தமே குடிக்காமல் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், ஒரு மெத்தை போதும், கிடங்கு முழுக்கப் பரவிவிடும். ஹெல்மெட், காரில் குழந்தையை உட்கார வைக்கும் சீட் எடுக்க மாட்டார்கள். ஹெல்மெட்டின் உள்ளே இருக்கும் தெர்மோகோல் மாதிரியான நுரை ஒரு முறை அடிபட்டால் நசுங்கி அப்படியே இருந்துவிடும், வெளியே கீறல்கூடத் தெரியாது, அடுத்த முறை தலையைக் காப்பாற்றாது. பின்னால் பெட்டி போலப் பெருத்திருக்கும் பழைய டிவியை எடுக்க மாட்டார்கள், அதன் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது, அது மின்கழிவு வாங்கும் இடத்துக்குத்தான் போக வேண்டும். மீந்துபோன மாத்திரைகளைக் கண்டிப்பாக எடுக்க மாட்டார்கள். நோயாளிக்குக் கொடுத்துத் திரும்பி வந்த மருந்தை நன்கொடையாக அனுப்பவே கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 1996-ல் வெளியிட்ட வழிகாட்டுதல்களிலேயே இருக்கிறது. எந்தச் சூட்டில் வைத்திருந்தோம், யார் கை பட்டது என்று யாருக்குத் தெரியும்? கலைக்களஞ்சியத் தொகுதிகளும் வேண்டாமாம். இதற்கு மட்டும் எனக்கு மனசு கேட்கவில்லை, ஆனால் நூலகத்தில் கேட்டாலும் அதே பதில்தான் வந்தது.

இந்த மறுப்பைப் பலர் குறையாக எழுதுகிறார்கள். "இனாமாகக் கொடுக்கிறேன், அதற்கும் நிபந்தனையா" என்று. எனக்கு நேர்மாறாகத் தோன்றுகிறது. எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போகிறவன்தான் சந்தேகத்துக்குரியவன். எதையும் கேட்காமல் எடுத்தால் அது எங்கேயோ ஒரு குப்பைமேட்டில்தான் முடியும், நம் வீட்டுக் குப்பையை அடுத்தவன் வாசலில் கொட்டிவிட்டு அதற்குத் தர்மம் என்று பெயர் வைத்த கணக்காகிவிடும். கானாவின் தலைநகர் அக்ராவில் கண்டமாண்டோ என்று ஒரு பெரிய சந்தை இருக்கிறது. பணக்கார நாடுகளில் தானமாகக் கொடுக்கும் துணிகளில் விற்காமல் மிஞ்சுவதில் ஒரு பகுதி மூட்டை மூட்டையாகக் கட்டப்பட்டு இங்கே வந்து இறங்குகிறது. அங்குள்ள வியாபாரிகள் மூட்டையைப் பிரித்துப் பார்க்காமலே காசு கொடுத்து வாங்குகிறார்கள். உள்ளே நல்ல துணி இருந்தால் லாபம், கறையும் கிழிசலுமாக இருந்தால் கடன். விற்காததில் ஒரு பகுதி சாக்கடை வழியாகக் கடலுக்குப் போய், கரையில் கயிறு கயிறாகத் திரிந்து ஒதுங்குகிறது. யாரோ ஒருவர் 'ஏதோ ஒரு ஏழைக்கு உதவும்' என்று பையில் திணித்த சட்டைதான் அது.

அதனால் நாங்கள் துணிகளைப் பிரிக்கும்போது ஒரே கேள்விதான் வைத்துக்கொண்டோம்: இதை என் தங்கைக்கோ தம்பிக்கோ கையில் கொடுத்து "போட்டுக்கோ" என்று சொல்ல முடியுமா? முடியாது என்றால் அது துடைக்கிற துணி. அவ்வளவுதான். இந்தக் கேள்வி எங்கள் அலமாரியில் நான் எதிர்பார்த்ததைவிட அதிகமாகத் துடைக்கிற துணிகளை உற்பத்தி செய்தது. அப்புறம், பாக்கெட்டுகளைப் பாருங்கள். கோட்டின் உள் பாக்கெட், கைப்பையின் ஜிப்புக்குப் பின்னால் இருக்கும் இன்னொரு ஜிப், புத்தகத்தின் நடுப்பக்கம். பழைய பாஸ்புக், நகைக்கடை ரசீது, யாரோ எழுதிய கடிதம் எல்லாம் அங்கேதான் குடியிருக்கும்.

இனி வண்டி வந்த அன்று நடந்தது. காலை ஒன்பதிலிருந்து மதியம் ஒன்று வரை எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்றார்கள், வந்தது ஒன்றை ஒட்டி. குளிக்கப் போகலாமா வேண்டாமா என்று ஒரு காலைப்பொழுது முழுவதும் உட்கார்ந்திருந்தோம். அரை நட்சத்திரம் அங்கே போயிற்று. ஆனால் வந்த இரண்டு பையன்களைக் குறை சொல்லவே முடியாது. எழுதும் மேஜையைப் படியில் இறக்கும்போது இழுப்பறைகளைத் தனியாகக் கழற்றி, ஒவ்வொன்றின் பின்பக்கத்திலும் சாக்பீஸால் நம்பர் போட்டுக்கொண்டார்கள், மேலே இருப்பது கீழே மாறிப் போய் மாட்டிக்கொள்ளக் கூடாதாம். சுவரில் ஒரு கீறல் இல்லை. இந்த வேலைக்காகவே இந்தச் சேவையை வயதானவர்களுக்குச் சொல்லலாம், ஏனென்றால் கொடுக்க மனசு இருந்தும் இறக்க ஆள் இல்லாமல் எத்தனை வீட்டில் பீரோக்கள் அப்படியே நிற்கின்றன.

ஒருவர் தையல் மெஷினைத் தொட்டார். "அம்மா, இதுவும் போகுதா?"

"இரு தம்பி, அது எங்கே போகும்னு சொல்லு, அப்புறம் எடு" என்றார் என் மனைவி. அவர் நெடுநாள் தைத்த மெஷின். பாபின் வைக்கும் மூடியில் நீலப் பெயிண்ட் போய் அவர் கட்டைவிரல் படும் இடம் மட்டும் வெள்ளையாக இருக்கும்.

"கிடங்குக்குப் போகும்மா. அதுக்கப்புறம் எங்களுக்குத் தெரியாது."

"அப்போ இருக்கட்டும்."

இதுதான் இந்தச் சேவையின் பெரிய ஓட்டை. கொடுத்த பொருளுக்கு ஒரு ரசீது வந்தது, அதில் 'வீட்டு உபயோகப் பொருட்கள்' என்று ஒரே ஒரு வரி. எங்கே போனது, விற்றார்களா, யாருக்காவது நேரடியாகக் கொடுத்தார்களா என்று மெயில் போட்டுக் கேட்டேன், 'உங்கள் பெருந்தன்மைக்கு நன்றி' என்று ஒரு ரெடிமேட் பதில் வந்தது. விற்றால் தப்பு என்று நான் சொல்லவில்லை. 1902-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் எட்கர் ஹெல்ம்ஸ் என்ற பாதிரியார் தொடங்கிய குட்வில் அமைப்பே அப்படித்தான் ஆரம்பித்தது. வசதியானவர்கள் வீட்டுப் பழைய பொருட்களை வாங்கி, வேலையில்லாத ஏழைகளையே வைத்துப் பழுது பார்த்து விற்று, அவர்களுக்கே சம்பளம் கொடுத்தார். பொருள் ஒருவருக்கு, வேலை இன்னொருவருக்கு. நல்ல ஏற்பாடு. ஆனால் விற்கிறோம் என்றால் விற்கிறோம் என்று சொல்லிவிட வேண்டும். வயதான பிறகு ஒரு பொருளைக் கொடுக்கும்போது நமக்கு வேண்டியது வரிச்சலுகை மட்டும் இல்லை, அது எங்கே போய்ச் சேர்ந்தது என்ற ஒரு சின்னத் தகவலும்தான்.

தையல் மெஷினுக்கு வேறு வழி பார்த்தோம். 2003-ல் அரிசோனாவின் டூசான் நகரில் தொடங்கிய ஃப்ரீசைக்கிள், 2013-ல் வாஷிங்டன் மாநிலத்தின் ஒரு சின்னத் தீவில் இரண்டு தோழிகள் ஆரம்பித்த பை நத்திங் போன்றவை எல்லாம் ஒரே யோசனைதான்: 'என்னிடம் இது இருக்கிறது, வேண்டியவர் வந்து எடுத்துக்கொள்ளுங்கள், காசு வேண்டாம்.' இப்போது அதே பாணியில் அக்கம்பக்கத்துக் குழுக்கள் நிறைய வந்துவிட்டன. தொல்லையும் உண்டு. வருகிறேன் என்று சொல்லி வராதவர்கள், வாங்கிப் போய் மறுநாளே விற்பனைக்குப் போடுகிறவர்கள், வீட்டு முகவரியை முன்பின் தெரியாதவரிடம் சொல்ல வேண்டிய சங்கடம். தனியாக இருக்கும் பெரியவர்கள் பொருளை வாசலிலோ, கீழே காவலாளியிடமோ வைத்துக் கொடுப்பது நல்லது. மெஷினை வாங்க வந்த பெண் நின்றபடியே ஊசியை மாற்றி, சக்கரத்தைச் சுற்றிப் பார்த்து, "பெல்ட் லூசா இருக்கும்மா, நான் மாத்திக்கிறேன்" என்றார். என் மனைவிக்கு அதுவே போதுமாக இருந்தது. மொத்தச் சாமானுக்கு வண்டி, மனசுக்கு நெருங்கிய ஒன்றிரண்டுக்கு நேரடி ஆள். இப்படிப் பிரித்துக்கொண்டதில் எங்கள் வீட்டில் சண்டையும் பாதி குறைந்தது.

பழைய போன், லேப்டாப் கொடுப்பவர்களுக்கு இந்தச் சேவை ஒன்றுமே சொல்லித் தருவதில்லை என்பது இன்னொரு குறை. "சார்ஜர் இருக்கா?" என்று மட்டும் கேட்டார்கள். உண்மையில் கேட்க வேண்டியது, "கணக்கை எடுத்துவிட்டீர்களா?" ஆண்ட்ராய்டு 5.1 வந்த 2015-லிருந்து, கூகுள் கணக்கை நீக்காமல் பட்டன்களை அமுக்கி வெறுமனே அழித்த போன், அடுத்தவர் கையில் பழைய கணக்கின் பாஸ்வேர்டைக் கேட்டுக்கொண்டே நிற்கும். ஐபோனில் 2013 முதலே இந்தப் பூட்டு இருக்கிறது. திருடர்களுக்காக வைத்தது, நன்கொடைக்கும் வினையாகிறது. அதனால் செட்டிங்ஸுக்குள் போய், கணக்கிலிருந்து வெளியேறி, அங்கிருந்தே முழுவதையும் அழியுங்கள். சிம், மெமரி கார்டு இரண்டையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். பேட்டரி உப்பியிருந்தால் பையில் போடவே கூடாது, அழுந்தினால் தீப்பிடிக்கும்.

மூக்குக்கண்ணாடிகளை இந்த வண்டியில் போட வேண்டாம், பத்தோடு பதினொன்றாக உடைந்துவிடும். 1925-ல் ஹெலன் கெல்லர் ஓஹையோவில் லயன்ஸ் சங்க மாநாட்டில் பேசி, பார்வையற்றோருக்காக உழைக்கச் சொன்னதிலிருந்து அவர்களுக்குக் கண் சம்பந்தமான பணிதான் முதன்மை. பழைய கண்ணாடிகளை வாங்கி, பவர் அளந்து, தேவைப்படுகிறவர்களுக்குக் கொடுக்கிறார்கள். வாக்கர், சக்கர நாற்காலி, கட்டிலோடு சேர்த்து வைக்கும் மேஜை மாதிரியானவற்றை இரவலாகக் கொடுத்து வாங்கும் அமைப்புகள் இருந்தால் அங்கே கொடுங்கள். இவை ஒரு குடும்பத்துக்குக் கொஞ்ச மாதங்கள்தான் தேவைப்படும், கைமாறிக்கொண்டே இருக்க வேண்டிய பொருட்கள்.

குறைந்தது இத்தனை மூட்டை சேர்ந்தால்தான் வண்டி வரும் என்று ஒரு விதி வைத்திருக்கிறார்கள். டீசல் செலவு புரிகிறது. ஆனால் எங்கள் வயதில் ஒரு நாளைக்கு ஒரு தட்டு, மிஞ்சினால் ஒரு இழுப்பறை, அவ்வளவுதான் முடிகிறது. மூட்டைகள் ஹாலில் வாரக்கணக்கில் நிற்கும், நிற்க நிற்க ஒருவர் போட்டதை இன்னொருவர் இரவில் வெளியே எடுத்துவிடுவார். நான் போட்ட ஃபிளாஸ்க் இப்போது மறுபடியும் சமையலறையில்தான் இருக்கிறது. வண்டிக்குச் சொல்லும் முன் பிள்ளைகளிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். போட்டோ அனுப்பி, பதிலுக்கு ஒரு தேதி குறித்து, அதற்குள் வந்து எடுக்காவிட்டால் போய்விடும் என்று சொல்லிவிட்டால் பிறகு யாரும் குறை சொல்ல முடியாது.

ஃப்ரிட்ஜ் கொடுப்பதாக இருந்தால் ஒரு விஷயம், இதையும் அவர்கள் முன்கூட்டிச் சொல்வதில்லை. முந்தின நாளே பிளக்கைப் பிடுங்கி, ஐஸ் முழுவதும் உருகித் தண்ணீர் வடிந்து, உள்ளே துடைத்துக் காயவிட்டிருக்க வேண்டும், சொட்டினால் வண்டியில் ஏற்ற மாட்டார்கள். வாஷிங் மெஷினுக்கும் அப்படியே குழாயில் நிற்கும் தண்ணீரை இறக்கிவிடுங்கள். கழற்றிய திருகுகளையும் குழாயையும் ஒரு கவரில் போட்டு மெஷினின் உள்ளேயே டேப் ஒட்டி வைத்துவிட்டால், வாங்குகிறவர் கடை கடையாக அலைய வேண்டியதில்லை.