650 ரூபாய்க்கு அலங்கார வெங்காயம் வாங்குன கதை

அல்லியம்னு ஒரு பூச்செடி, குளத்துல கெடக்குற அல்லி இல்லைங்க, நம்ம வெங்காயம் பூண்டு குடும்பத்துலயே பூவுக்காக வளக்குற வகை. ஒத்தக் காம்பு இடுப்பு உசரத்துக்கு நிமிந்து நிக்கும், உச்சியில ஊதா கலர்ல பந்து மாதிரி பூ, போட்டோவுல பாத்ததுமே விழுந்துட்டேன். போன வருசம் செப்டம்பர்ல ஆன்லைன்ல பர்ப்பிள் சென்சேஷன் ரகம் 5 கிழங்கு 650 ரூபா, கூரியர் 80 தனி. கடை பேரு வேணாம், சண்ட போட எனக்குத் தெம்பில்ல.

பார்சல் ஒம்பது நாள் கழிச்சு வந்துச்சு. தேங்கா நார்த் தூள்ல பொதிஞ்சிருந்தாங்க, அதுவும் ஈரமா. நாலு கிழங்கு கெட்டியா சின்ன எலுமிச்சம்பழம் சைஸ், மேல காஞ்ச சருகு. அஞ்சாவத அமுக்குனா விரலு உள்ள போகுது, வேர் வர்ற அடிப்பக்கம் பச்சையாப் பூசணம். போட்டோ அனுப்புனா அன்பாக்சிங் வீடியோ இருக்கான்னு கேட்டாங்க, வெங்காயப் பார்சலப் பிரிக்கிறதுக்கு எந்த வீட்டுலங்க வீடியோ எடுப்பாங்க. எங்க அத்தை பில்லப் பாத்துட்டு "ஆத்தாடி, கீழமாரட் வீதி வெங்காயக் கடைக்குப் போனா சாக்கோட வாங்கலாமேம்மா"ன்னுட்டாங்க. அன்னைக்கு எனக்குக் கோவம், இப்ப அத்தை சொன்னதுல தப்பே தெரியல.

அழுகுனதக் கூட மன்னிச்சிருவேன். கூட வந்த அட்டையில 'நல்ல வெயில், அளவான தண்ணி, எல்லா ஊருக்கும் ஏத்தது'ன்னு போட்டிருந்தாங்க பாருங்க, அதத்தான் மன்னிக்க முடியல. இது மத்திய ஆசியா, ஈரான் பக்கம் மலையில வளர்ற செடி. பனியில மூணு மாசத்துக்கு மேல தூங்கி எந்திரிச்சாத்தான் பூவே எடுக்கும். நம்ம மதுரையில மார்கழி விடியக்காலையே 20 டிகிரி கிட்டதான், இங்க அது எங்கிட்டுத் தூங்கும்? இத நானாத் தேடித் தெரிஞ்சுக்கிட்டேன், அதுக்குள்ள ஒரு கிழங்க மாடியில நட்டு ஐப்பசி மழையில கூழாக்கியாச்சு.

மிச்சம் மூணையும் பேப்பர் கவர்ல போட்டு பிரிட்ஜ் காய்கறி ட்ரேயில வச்சேன், அத்தை சாம்பாருக்கு எடுத்துறக் கூடாதேன்னு கவர் மேல 'தொடாதீங்க'ன்னு ஸ்கெட்ச் பேனாவுல கொட்டை எழுத்துல எழுதி. 14 வாரம். இதுல நானும் ஒரு முட்டாத்தனம் பண்ணிட்டேன், அதே ட்ரேயிலதான் ஆப்பிளும் கெடந்துச்சு. பழுக்குற பழத்துல இருந்து எத்திலீன்னு ஒரு வாயு வருமாம், அது பட்டா கிழங்குக்குள்ள இருக்குற பூ மொட்டு கருகிப் போயிருமாம். அதனால யாராச்சும் முயற்சி பண்ணுனா பழத்த வேற தட்டுக்கு மாத்திருங்க.

பொங்கல் முடிஞ்சு செம்மண், ஆத்து மணல், மண்புழு உரம் கலந்து, கிழங்கு உசரத்துக்கு மூணு மடங்கு ஆழத்துல நட்டேன். ரெண்டே வாரத்துல பட்டையா இலை விட்டுச்சு, மூணுமே. ஒண்ணுல மட்டும் மார்ச் மாசம் காம்பு வந்துச்சு, ஒரு சாண் இருக்கும், நுனியில நெல்லிக்காய் மாதிரி மொட்டு, மேல வெங்காயத் தோல் போல மெல்லிசா ஒரு உறை. தெனமும் காலையில பல்லு வெளக்கிக்கிட்டே போயி அதத்தான் பாப்பேன். உறை லேசா விரிஞ்சு உள்ள ஊதாப் புள்ளி கூடத் தெரிஞ்சுச்சு. அந்த வாரம் வெயில் ஏறுச்சு பாருங்க, உறைக்குள்ளேயே காஞ்சு மொளகாய் வத்தலாட்டம் தொங்கிருச்சு. கடைக்குச் சொன்னா "உங்க சாயில் மிக்ஸ் சரியில்ல மேடம்"ங்குறாங்க.

இதே அல்லியத்துக்கு நீலம் செவப்புன்னு கலர் கலரா விதைப் பாக்கெட் வேற ஆன்லைன்ல விக்கிறாங்க, அதுக்குப் பக்கத்துலயே போகாதீங்க, விதையில இருந்து பூக்க மூணு வருசத்துக்கு மேல ஆகும், அதுவும் குளிர் நாட்டுல.

இப்ப நல்ல சேதி. அழகர்கோவில் ரோட்டுல ஒரு நர்சரியில கார்லிக் சைவ்ஸ் தொட்டி 80 ரூபாய்க்கு எடுத்தேன். இதுவும் அசல் அல்லியம்தான், சீனா பக்கத்து வகை, இதுக்குக் குளிரெல்லாம் கேக்கல. சித்திரை வெயில்லயும் பச்சையா நின்னுச்சு, ஆகஸ்ட்ல முழ உசரத்துக்குக் காம்பு விட்டு வெள்ளை வெள்ளையா நட்சத்திரம் கொத்தா பூத்துச்சு. ஊதாப் பந்து மாதிரி கெத்தா இருக்காது, ஒத்துக்கிறேன், ஆனா சாயங்காலம் வரைக்கும் தேனீ விடாம வந்துச்சு, இலைய நறுக்கி ஆம்லெட்ல போட்டா பூண்டு வாசம். ஊதாதான் வேணும்னா சொசைட்டி கார்லிக்னு தென்னாப்பிரிக்கச் செடி ஒண்ணு இருக்கு, அல்லியம் இல்ல, ஒறவு மொறைதான், அதுவும் வெயில் தாங்குமாம், நர்சரிக்காரர் அடுத்த மாசம் வரும்னாரு.

கிழங்குக்கு 2 ஸ்டார், பாவம் அது என்ன பண்ணும். கடைக்கு 1, அதுவும் பார்சல் வந்து சேந்ததுக்கு. 80 ரூபா தொட்டிக்கு 5. ஊதா கிழங்கு மூணும் இலை காஞ்சதும் தோண்டிப் பாத்தா சுண்டைக்காயா சுருங்கிக் கெடந்துச்சு, கொடைக்கானல்ல இருக்குற சித்தி மககிட்ட குடுத்து விட்டுட்டேன், அங்க 7000 அடி உசரம், பூண்டே அம்புட்டு நல்லா வருது. சைவ்ஸ் தொட்டியில இருந்து அத்தை ரெண்டு கொத்து கேட்டாங்க, அவங்க ரூம் ஜன்னல்ல வைக்க. வேர் பிரிச்சுக் குடுத்தாச்சு.